தரை டிக்கெட்டும் ரத்தக் காட்டேரியும்

ஊர் முடிகிற இடத்தில், ஏரிக் கரைக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஒரு பொட்டல். அதில் கீற்றுக் கொட்டகை ஒன்று. பொழுது சாய்ந்ததும் கொட்டகையின் உச்சியில் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கி பிள்ளையார் பாட்டைப் பாட ஆரம்பித்து விடும். அது காதில் விழுந்ததோ இல்லையோ, சுற்றுப்பட்டுக் கிராமங்களில் அடுப்பு அவசரமாக எரியும். களியைக் கிண்டி இறக்கி, குழந்தைகளுக்குப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஜனங்கள் கிளம்பி விடுவார்கள். இன்ன பாட்டு வந்தால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கி விட்டான், இன்ன பாட்டு வந்தால் படம் போடப் போகிறான் என்று ஒரு கணக்கு உண்டு. கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அந்தக் குழாய்தான் கடிகாரம்.

1980-களில் தர்மபுரி ஜில்லாவின் கிராமங்கள் சினிமா பார்த்தது இப்படித்தான். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான பிரதேசம் இது. கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் 2004 வரை இதற்குள்தான் இருந்தன. மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் விதைத்த பூமி. டவுன்களில் நிரந்தரத் தியேட்டர்கள் இருந்தன. மற்ற இடங்களுக்கு டூரிங் டாக்கீஸ்தான் கதி. புதுப்படம் முதலில் சேலத்தில் ஓடும். பிறகு சின்ன டவுன்களில் ஓடும். பிரதி முழுக்கக் கீறல் விழுந்து, வசனம் கரகரக்கத் தொடங்கிய பிறகு கீற்றுக் கொட்டகைக்கு வரும். அதனால் என்ன? சமூகப் படத்துக்குத்தான் கீறல் குறை. பேய்ப் படத்தில் அது கூடுதல் அலங்காரம். மழை கதையில் பெய்கிறதா, பிலிமில் பெய்கிறதா என்று தெரியாத இருட்டில் பேய் இன்னும் நன்றாகவே வந்தது.

பேய்ப் படம் வரும் வாரத்தில் நோட்டீசே வேறு மாதிரி இருக்கும். தட்டி கட்டிய வண்டி தெருத் தெருவாகப் போகும். சிறுவர்கள் பின்னாலேயே ஓடிக் கலர் நோட்டீசைப் பொறுக்குவார்கள். இருதய பலவீனம் உள்ளவர்களும் கர்ப்பிணிப் பெண்களும் பார்க்க வேண்டாம் என்கிற பாணியில் அதில் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். அதைவிடச் சிறந்த விளம்பரம் உண்டா? தனக்கு இருதய பலவீனம் இல்லை என்று நாலு பேருக்குக் காட்ட வேண்டிய இளவட்டங்கள் முதல் நாளே ஆஜர். தணிக்கைக்காரர் கொடுத்த 'ஏ' சர்டிபிகேட்டும் அந்த வேலையையே செய்தது. கர்ப்பிணிப் பெண்கள் விஷயம் மட்டும் விளம்பரத்தோடு முடிந்து போகிற விஷயமல்ல. அதைப் பிறகு பார்ப்போம்.

கொட்டகைக்குள் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம்; நடுவே இடுப்பளவு தடுப்பு. தரை டிக்கெட் என்றால் நிஜமாகவே தரைதான். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தவன் ராஜா. பின்னால் இருப்பவன் திட்டுவான், அவனும் குவிப்பான். பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்ற மூன்று நான்கு இடைவேளை. பேய் கதவைத் திறக்கப் போகிற கட்டத்தில் சுருள் தீர்ந்து விளக்கு எரியும். முறுக்குக்காரனும் சோடாக்காரனும் உள்ளே வருவார்கள். எந்த டைரக்டரும் திட்டமிட்டு அமைக்க முடியாத திகில் அது.

ஆனால் உண்மையான படம் ஆரம்பமாவது, படம் முடிந்த பிறகுதான். இரண்டாவது ஆட்டம் விடும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். நகரத்து ரசிகன் வெளியே வந்தால் தெரு விளக்கு, டீக்கடை, பஸ். அவனுடைய பயம் வாசற்படியிலேயே தீர்ந்து விடும். இங்கே இரண்டு மூன்று மைல் நடக்க வேண்டும். ஏரிக் கரை, புளிய மரத்துச் சாலை, பம்ப் செட் கிணறு, பிறகு கரும்புக் கொல்லை. முன்னால் நடக்கவும் யாருக்கும் மனம் வராது. கடைசியில் நடக்கவும் வராது. எல்லோரும் நடுவில்தான் நடப்பார்கள்! ஒருவன் சும்மா இருக்க மாட்டாமல் பேய் மாதிரிச் சிரிப்பான். அவனை நாலு பேர் மொத்துவார்கள். மொத்தியவர்கள்தான் அதிகம் பயந்தவர்கள். குறைந்த செலவில் எடுத்த படம், அதில் இல்லாத பிரும்மாண்டத்தை இந்த இரண்டு மைல் இருட்டில் வட்டியோடு வசூலித்துக் கொண்டது.

அம்மன் வாயில் ரத்தம்

ரத்தம் குடிக்கும் பேயைச் சினிமாதான் இந்த ஜில்லாவுக்கு அறிமுகப்படுத்தியது என்று நினைத்தால் தவறு. மாசி மாதம், மகா சிவராத்திரியை ஒட்டி வரும் அமாவாசையில் இங்கே மயானக் கொள்ளை நடக்கிறது. அங்காளம்மனாகவும் காளியாகவும் காட்டேரியாகவும் வேஷம் கட்டியவர்கள் மேளத்தோடு சுடுகாட்டை நோக்கிப் புறப்படுவார்கள். ஆவேசம் வந்தவர் உயிரோடு கோழியைக் கடித்து ரத்தத்தை உறிஞ்சுவார். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். வீட்டுக் கூரைகளின் மேலெல்லாம் ஜனங்கள் நின்று பார்க்கும் காட்சி அது.

போதாக்குறைக்குத் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து. ராத்திரி முழுவதும் தெருக்கூத்து நடந்து, கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பான். அவன் தொடையிலிருந்து எடுத்த ரத்தத்தைத் தடவித் திரௌபதி கூந்தலை முடிவாள். சபையில் அவமானப்பட்ட ஒரு பெண், வருஷக்கணக்கில் விரித்த கூந்தலோடு காத்திருந்து, ரத்தம் கேட்டு வாங்குகிறாள். இதைத் தாத்தா காலத்திலிருந்து விடிய விடியப் பார்த்து வந்தவர்களுக்கு, வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலுமாகத் திரையில் ஒருத்தி வந்தால் விளக்கம் சொல்ல வேண்டுமா? பாதிக் கதையை ஜனங்களே வீட்டிலிருந்து கொண்டு வந்து விட்டார்கள். படம் எடுத்தவர் மீதிப் பாதிக்கு மட்டும் செலவு செய்தால் போதுமாயிருந்தது.

இந்த ரகசியத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் பி. விட்டலாச்சாரியா. 1920-ல் உடுப்பிப் பக்கத்து உத்தியாவரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, அரசிகெரேயில் ஹோட்டல் நடத்தி, பிறகு நண்பர்களோடு சேர்ந்து ஹாஸன் ஜில்லாவில் ஒரு டூரிங் டாக்கீஸ் நடத்தினார். அதாவது, கூட்டம் எந்தக் கட்டத்தில் வாயைப் பிளக்கிறது, எந்தக் கட்டத்தில் பீடி பற்ற வைக்க எழுந்து போகிறது என்று கொட்டகைக்குள்ளேயே இருந்து பார்த்தவர். பல்கலைக்கழகங்களில் கிடைக்காத படிப்பு. பிற்பாடு தெலுங்கில் அவர் எடுத்த மாயாஜாலப் படங்களுக்காக 'ஜானபத பிரம்மா' என்று பெயர் வாங்கினார்.

அவருடைய 'ஜகன்மோகினி' 1978-ல் வந்தது. தமிழ் பேசிக்கொண்டு இங்கேயும் வந்து, எண்பதுகளிலும் திரும்பத் திரும்ப ஓடியது. தெலுங்கும் கன்னடமும் வீட்டுப் பேச்சாக உள்ள குடும்பங்கள் நிறைந்த இந்த எல்லைப்புறத்தில் அது அந்நியப் படமாகவே தோன்றவில்லை. அதில் ஒரு காட்சியை, பார்த்தவர் யாரும் மறந்ததில்லை. மனித உருவில் வீட்டுக்குள் புகுந்த மோகினிப் பேய் சமைக்க உட்காருகிறது. விறகு இல்லை. தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரிய விடுகிறது!

இந்தக் காட்சிக்கு என்ன செலவு ஆகியிருக்கும்? ஒரு மண் அடுப்பு, ஒரு பொய்க் கால், கொஞ்சம் நெருப்பு. காமிராவை நிறுத்தி, ஆளை அப்புறப்படுத்தி, மறுபடி ஓட விட்டால் மனிதன் மாயமாய் மறைவான். பிலிமைத் தலைகீழாக ஓட்டினால் விழுந்தவன் எழுவான். ஒரே பிலிமில் இரண்டு தடவை படம் பிடித்தால் சுவருக்குள் பேய் புகும். அவருடைய தந்திரங்கள் பெரும்பாலும் இவ்வளவுதான். சிக்கனத்தைப் பற்றிச் சினிமா வட்டாரத்தில் ஒரு கதையும் உலவுகிறது. ஒரு நடிகர் பாதிப் படத்தில் கூடுதல் பணம் கேட்டாராம். விட்டலாச்சாரியா சண்டை போடவில்லை. முனிவர் ஒருவரைக் கொண்டு சாபம் கொடுக்கச் செய்து, அந்தப் பாத்திரத்தைக் கிளியாக்கி விட்டாராம்! நிஜமோ, கட்டுக்கதையோ, அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் நம்பத் தயங்க மாட்டார்கள். 1999-ல் அவர் காலமானார்.

அடுப்புக் காட்சிக்குக் கொட்டகையில் ஆண்கள் பக்கம் அலறல் எழுந்தது என்றால், பெண்கள் பக்கம் சிரிப்பும் எழுந்ததில் ஆச்சரியமில்லை. ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பேயின் சௌகரியம் தெரியும்.

தமிழில் அந்தக் காலத்துப் பேய்கள் அநேகமாகப் பெண்களே. துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்' 1978-ல் வந்தது. மனோபாலா இயக்கிய 'பிள்ளை நிலா' 1985-ல். 'மை டியர் லிசா' 1987-ல். ஆசை நிறைவேறாமலோ அநியாயமாகவோ செத்த ஒருத்தி திரும்பி வருவாள். உயிரோடு இருந்தபோது வாய் திறக்க முடியாதவள், செத்த பிறகு ஊரையே நடுங்க வைப்பாள். கடைசியில் மந்திரவாதியோ சிலுவையோ அம்மனோ அவளை அடக்கி விடுவது கட்டாயம். ஆனால் அதற்கு முன் இரண்டு மணி நேரம் அவளுக்குச் சொந்தம். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் டிக்கெட் வாங்கினார்கள் போலும்.

பிரபுவும் பேயும்

மேல்நாட்டு ரத்தக் காட்டேரி வேறு ஜாதி. அவன் ஆண்; அதிலும் பிரபு. பிராம் ஸ்டோக்கர் என்ற ஐரிஷ்காரர் 1897-ல் எழுதிய 'டிராகுலா' நாவலில், மலைக்கோட்டையில் வாழும் கோமகன் அவன். ஸ்டோக்கர் அந்த டிரான்ஸில்வேனியா மலைகளைக் கண்ணால் கண்டதே இல்லை. புஸ்தகங்களைப் படித்தே எழுதினார். 1922-ல் ஜெர்மனியில் முர்னோ இந்தக் கதையை உரிமை வாங்காமல் 'நோஸ்ஃபெராட்டு' என்று படமாக்கினார். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கக் கோர்ட் உத்தரவிட்டது. ஆனாலும் படம் அழியவில்லை. சாகாத பேய்க்கு அதுதானே பொருத்தம்! 1958-ல் ஹாம்மர் கம்பெனி கிறிஸ்டபர் லீயை வைத்து எடுத்த கலர் டிராகுலாதான் உலகம் முழுவதும் மலிவு விலைக் காட்டேரிகளுக்கு மூத்த அண்ணன்.

அந்த அண்ணனை இந்தியாவுக்கு அழைத்து வந்தவர்கள் பம்பாய் ராம்ஸே சகோதரர்கள். தகப்பனார் கராச்சியில் ரேடியோக் கடை வைத்திருந்தவர். தேசப் பிரிவினைக்குப் பின் பம்பாய் வந்தார். பிள்ளைகள் ஏழு பேர். 1970-ல் அவர் தயாரித்த ஒரு படம் படுதோல்வி. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் பயங்கர முகமூடி அணிந்து திருட வரும் ஒரே ஒரு காட்சியில் மட்டும் ஜனங்கள் துள்ளுவதைப் பிள்ளைகள் கவனித்தார்கள். 'அந்த ஒரு காட்சியே படம் முழுக்க இருந்தால் என்ன?' என்று யோசித்தார்கள். 1972-ல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' பிறந்தது. குடும்பமே மகாபலேஷ்வரத்துக்குப் போய் விடுதியில் தங்கிப் படம் எடுத்தது. ஒருவர் கதை, ஒருவர் காமிரா, ஒருவர் ஒலி, ஒருவர் எடிட்டிங், துளசியும் ஷ்யாமும் டைரக்ஷன். சம்பளம் வெளியே போகாத கம்பெனி!

1984-ல் 'புரானா மந்திர்', 1988-ல் 'வீரானா', 1990-ல் 'பந்த் தர்வாஜா'. இவற்றில் முதலாவதிலும் மூன்றாவதிலும் பேயாக வந்த நெடிய ஆசாமி அனிருத் அகர்வால், ரூர்க்கியில் படித்த எஞ்சினீயர். முகத்தில் அதிகம் பூச வேண்டியிருக்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன தர்மபுரி இளைஞர்கள் அங்கே இத்தகைய ஹிந்திப் பேய்ப் படங்களைப் பார்த்துவிட்டு, லீவுக்கு வந்ததும் திண்ணையில் கதை சொன்னார்கள். ஹிந்தி தெரியாது, அதனால் கதை குறையவில்லை, வளர்ந்தது.

இனி, முன்னே விட்ட கர்ப்பிணிப் பெண்கள் விஷயம்.

'புரானா மந்திர்' படத்தில் ராஜா ஒருவர் சாமரி என்ற துஷ்டனின் தலையை வெட்டுகிறார். சாகுமுன் அவன் சாபம் கொடுக்கிறான்: அந்த வம்சத்துப் பெண்கள் எல்லாரும் பிரசவத்தில் சாக வேண்டும். 'பந்த் தர்வாஜா'வில் பிள்ளையில்லாத ஒரு ஜமீன்தார் மனைவி, கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு விடுவானோ என்று பயந்து, கறுப்பு மலையில் இருக்கும் ரத்தக் காட்டேரியிடம் வரம் கேட்கப் போகிறாள். அவன் ஒரு நிபந்தனை வைக்கிறான். ஆண் பிறந்தால் அவளுக்கு. பெண் பிறந்தால் அவனுக்கு.

ரப்பர் முகமூடியைப் பார்த்துச் சிரிக்கலாம். இந்த நிபந்தனையைக் கேட்டுத் தர்மபுரியில் யாரும் சிரிக்க முடியாது. பெண் சிசுக் கொலை நடந்த ஜில்லாக்களின் பட்டியலில் சேலத்தோடு தர்மபுரியின் பெயரும் இருந்தது. 1992-ல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-ல் அது தர்மபுரிக்கும் விரிவாயிற்று. வேண்டாமென்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டு விட்டுப் போ என்று ஓர் அரசாங்கமே கெஞ்ச வேண்டியிருந்தது. கறுப்பு மலைக்குப் போய் நிபந்தனைக்கு உட்பட வேண்டிய அவசியம் இங்கே இருக்கவில்லை. நிபந்தனை வீட்டுக்குள்ளேயே, மாமியார் வாயிலும் கணவன் வாயிலும் இருந்தது.

பிரசவச் சாபமும் அப்படித்தான். நாட்டுப்புற நம்பிக்கையில் ரத்தக் காட்டேரி யாரைப் பிடிக்கும்? கோட்டையில் தூங்கும் அழகியை அல்ல. கர்ப்பிணியையும் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியையும்தான் பிடிக்கும். கரு கலைந்தால் காட்டேரி. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, நடக்க முடியாமல் போனால் காட்டேரி. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனால் காட்டேரி. டாக்டர் இதற்கு ரத்தசோகை என்றும் ரத்தப் போக்கு என்றும் பெயர் வைத்தார். டாக்டர் கிட்டத்தில் இல்லாத இடத்தில் பழைய பெயரே நிலைத்தது. பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களில் சாலை இல்லாமல், நோயாளியையும் பிரசவ வலி கண்டவளையும் தூளி கட்டித் தூக்கி வந்த கதையைப் பத்திரிகைகள் எண்பதுகளுக்குப் பிறகும் வெகு காலம் எழுதின. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2008-ல்தான். 108 ஆம்புலன்ஸும் தமிழ்நாட்டில் அந்த வருஷம்தான் ஓட ஆரம்பித்தது. நோட்டீசில் 'கர்ப்பிணிகள் பார்க்க வேண்டாம்' என்று அச்சடித்தவர் வியாபாரத்துக்காகத்தான் அச்சடித்தார். படித்துக் கேட்ட பெண்களுக்கு அது வெறும் வியாபாரமாகத் தோன்றியிருக்காது.

இதில் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. இந்தப் படங்கள் பெண்ணின் துயரத்தைச் சொன்னது போலவே, உடுக்கடிக்கும் பேயோட்டிக்கும் விளம்பரம் செய்தன. உடம்பு முடியாத பெண்ணுக்கு வேப்பிலை அடியும் சாட்டை அடியும் கிடைத்த வீடுகள் உண்டு. திரையில் மந்திரவாதி ஜெயிப்பதைப் பார்த்தவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அவனிடமே போயிருந்தால், அந்தப் பழியில் ஒரு பங்கு படம் எடுத்தவர்களைச் சேரத்தான் செய்யும். படித்தவர்கள் இந்தப் படங்களைக் கண்டு முகம் சுளித்ததில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது. அட்டைக் கோட்டையையும் பொய்ப் பல்லையும் பார்த்து முகம் சுளித்தார்களே, அதில்தான் நியாயமில்லை.

ரத்தம் உறிஞ்சும் பிரபுவைப் புரிந்துகொள்ளவும் இங்கே யாருக்கும் கஷ்டமில்லை. ரத்தத்தை உறிஞ்சுகிறான் என்று கிராமத்தில் சொன்னால் அது வட்டிக்காரனைப் பற்றிய பேச்சு. கந்து வட்டிக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது 2003-ல். டிராகுலாவுக்குச் சூரிய வெளிச்சம் ஆகாது. வட்டிக்காரன் பட்டப் பகலிலேயே வருவான் என்பதுதான் வித்தியாசம்.

டெக்கு வந்தது

எண்பதுகளின் நடுவில் கொட்டகைக்கு ஒரு போட்டி முளைத்தது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, டவுனிலிருந்து கலர் டி.வி.யும் டெக்கும் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து வருவார்கள். மாரியம்மன் கோவில் முன்னால் விடிய விடிய மூன்று படம். இரண்டு தமிழ்ப் படம் முடிந்து பெரியவர்களும் பெண்களும் எழுந்து போன பிறகு, மூன்றாவதாக இங்கிலீஷ் பேய்ப் படம். சாம் ரைமி என்ற வாலிபர் அமெரிக்காவில் டென்னஸ்ஸிக் காட்டுக்குள் ஒரு பழங்குடிசையில் நண்பர்களை வைத்து எடுத்து, 1981-ல் வெளிவந்த 'ஈவில் டெட்' இப்படித்தான் தமிழ்நாட்டு மூலை முடுக்கெல்லாம் பேர் வாங்கியது. அதில் வழிகிற ரத்தம் சோளப் பாகில் சாயம் கலந்தது. விட்டலாச்சாரியாவின் அடுப்புக்கும் ரைமியின் சோளப் பாகுக்கும் அப்படி ஒன்றும் தூரமில்லை.

பிறகு பேய் வீட்டுக்குள்ளேயே வந்து விட்டது. ராம்ஸே சகோதரர்கள் 1993-ல் ஜீ தொலைக்காட்சிக்குப் போனார்கள். தமிழில் 'மர்மதேசம்' மாதிரித் தொடர்கள் வந்தன. கீற்றுக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. 2005-ல் 'சந்திரமுகி' வந்தபோது, பேய் என்பது மனநோய் என்று டாக்டர் வேஷத்தில் ரஜினிகாந்த் சொன்னார். ஜனங்கள் டாக்டர் பேச்சையும் ரசித்தார்கள், பேயையும் ரசித்தார்கள். 2011-ல் 'காஞ்சனா', 2014-ல் 'அரண்மனை'. இப்போதைய பேய்களுக்கு வசதி அதிகம். கம்ப்யூட்டரில் பிறந்து, குளிர்பதனத் தியேட்டரில் வளர்கின்றன. காலை அடுப்பில் வைக்க வேண்டிய தரித்திரம் அவற்றுக்கு இல்லை. துளசி ராம்ஸே 2018-லும் ஷ்யாம் ராம்ஸே 2019-லும் காலமானார்கள். அவர்களுடைய படங்களையும் 'ஜகன்மோகினி'யையும் இன்று செல்போனில் எவரும் பார்க்கலாம். பெங்களூர் போகும் ராத்திரி பஸ்ஸில் காதில் கம்பியை மாட்டிக்கொண்டு ஒருவன் பார்த்தால், பக்கத்து சீட்காரனுக்குத் தெரிவதுகூட இல்லை.

மயானக் கொள்ளை மட்டும் நிற்கவில்லை. மாசி அமாவாசையன்று வேஷம் கட்டியவர் வாயில் ரத்தம் வழிய நடந்து வரும்போது, கூட்டத்தின் தலைக்கு மேலே நூற்றுக்கணக்கில் செல்போன்கள் உயர்கின்றன. சற்றுத் தள்ளி, கைக்குழந்தையோடு நிற்கிற பெண்கள் படம் பிடிப்பதில்லை. குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, மேளச் சத்தம் தாண்டிப் போகும் வரை சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார்கள்.